கிளிக்குச் சொன்னது

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி ஆனால் ஜெசிந்தாவைத் தம்பி கூப்பிடுவான். ஆறு வருடமாக ஒரு வாரம்கூடத் தப்பியதில்லை. சமையல்மேடையில் மிளகாய்த்தூள் டப்பாவில் போன் சாய்ந்திருக்கும். அவள் பாட்டுக்கு ஊளி மீனைக் கழுவிக்கொண்டிருப்பாள். போனுக்குள் அவளுடைய குரலும் தம்பியின் குரலும் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொள்ளும்.

"சாப்பிட்டாயா தஸ்?"

"சாப்பிட்டேன் அக்கா. கடை எப்படிப் போகிறது?"

"அமோகமாகப் போகிறது. உன் குரலைக் கேட்டாலே எனக்குப் பாதி அலுப்பு தீர்ந்துவிடுகிறது."

இந்த இடத்தில் ஜெசிந்தா மீனின் செவுளைப் பிய்த்துக்கொண்டே முகத்தைச் சுளிப்பாள். தன் வாயிலிருந்து இந்த ஜென்மத்தில் அப்படி ஒரு வாக்கியம் வந்ததில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் குரல் அச்சு அசலாக அவளுடையது. பதினோரு நிமிடம் முடிந்ததும் "இனிய உரையாடல் நிறைவுற்றது" என்று போன் அறிவிக்கும். அவள் மீனுக்கு மஞ்சள் தடவப் போய்விடுவாள்.

இந்த ஏற்பாட்டைக் குறை சொல்வது நியாயம் இல்லை. இணக்கச் சட்டம் வந்து இருபத்தெட்டு வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் ஜனங்கள் போனில் ஒருவரை ஒருவர் எப்படிக் குதறிக்கொண்டார்கள் என்பதை ஜெசிந்தாவே பார்த்திருக்கிறாள். ஒரு வார்த்தையில் கல்யாணங்கள் நின்றன, ஒரு வார்த்தையில் உயிர்கள் போயின. இப்போது பதினைந்து வயதானால் எல்லாருக்கும் ஒரு பதில்குரல் உண்டு. உங்கள் குரலிலேயே பேசும். புண்படுத்துகிற எதையும் சொல்லாது, புண்படுகிற எதையும் உங்கள் காதில் போடாது. போன், கடிதம், செய்தி, எதுவானாலும் நடுவில் அது நிற்கும். நீங்களே பேசினாலும் சொரசொரப்பையெல்லாம் தேய்த்துவிட்டுத்தான் அந்தப் பக்கம் அனுப்பும். கொஞ்ச நாளில் ஜனங்கள் தாங்கள் பேசுவதையே விட்டுவிட்டார்கள். நம்மைவிட அதுதான் நன்றாகப் பேசுகிறதே!

அக்காவும் தம்பியும் கடைசியாகத் தங்கள் வாயால் பேசிக்கொண்டது அம்மாவை அடக்கம் செய்த அன்றைக்கு. தம்பி தஸ்நேவிஸ், தூத்துக்குடிக் கரையிலிருந்து அறுபது கிலோமீட்டர் தள்ளி, நடுக்கடலில் காற்றிலிருந்து மின்சாரம் எடுக்கும் காற்றுத்தூண்களில் வேலை பார்க்கிறவன். அன்று நாலு மணிக்கு அடக்கம். படகு வர நேரமாகும் என்று அவனிடமிருந்து தகவல் வந்தது. ஜெசிந்தா பெட்டியை மூடச் சொல்லிவிட்டாள். ஐந்தரை மணிக்கு அவன் கல்லறைத் தோட்டத்துக்குள் வந்தபோது மண் போட்டு முடித்திருந்தார்கள்.

"எக்கா, ஒரு தடவ மொகத்தப் பாக்க விடலியே" என்றான்.

"நீ என்னைக்கு நேரத்துக்கு வந்திருக்க?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

அவன் திரும்பிப் போய்விட்டான். மூன்றாம் நாள் அவள் போனில் ஓர் அறிவிப்பு வந்தது: "உங்களுக்கும் உங்கள் சகோதரருக்கும் இடையிலான மனவருத்தம் நான்கு நிமிடங்களில் தீர்க்கப்பட்டது. வாழ்த்துகள்." இரண்டு பதில்குரல்களும் தங்களுக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொண்டன. என்ன பேசின என்றுகூட இவர்களுக்குத் தெரியாது.

ஆனால் ஜெசிந்தாவிடம், தம்பிக்குத் தெரியாத ஒன்று இருந்தது. இருட்டுகிற வரைக்கும் காத்திருக்கலாம் என்று ஃபாதர் அன்றைக்குச் சொல்லியிருந்தார். வேண்டாம் என்றவள் அவள்தான். வேண்டுமென்றே செய்ததுதான். இதைச் சொல்லிவிட வேண்டும் என்று மூன்று முறை போனை எடுத்தாள். மூன்று முறையும் அவள் சொன்னது, "நாம் இருவருமே அம்மாவை மிகவும் நேசித்தோம்" என்று உருண்டு திரண்டு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு அவள் மீன் கழுவப் போய்விட்டாள்.

இதெல்லாம் இப்படியே போயிருக்கும், முபீனா வாயைத் திறந்திராவிட்டால். முபீனா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள், முப்பத்தொரு வயது. சனிக்கிழமை தவறாமல் ஜெசிந்தாவின் பலகாரக் கடைக்கு மக்ரூன் வாங்க வருவாள். இடுப்பில் எப்போதும் ஒரு பழங்காலத்து வாக்கிடாக்கி செருகியிருக்கும்.

"எக்கா, ஒங்க தம்பி பேரு தஸ்நேவிஸ்தானே? காத்துத்தூணுல இருக்காரே?"

"ஆமா. ஒனக்கு எப்படித் தெரியும்?"

"ரேடியோவுல வருவாருக்கா, தென்கடல் குழுவுல. யப்பா, என்னா கோவம் அந்த மனுசருக்கு! நேத்து ஒரு போல்ட்டு சரியில்லன்னு அரைமணி நேரம் திட்டித் தீத்துட்டாரு. நடுநடுவுல இருமல் வேற. மூணு வாரமா இருமுதாரு, பாவம்."

பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த ஜெசிந்தாவின் கை நின்றது. "இருமலா? போன ஞாயித்துக்கிழமைகூட நல்லா இருக்கேன்னுல்லா சொன்னான்."

"சொன்னது அவராக்கா?" என்றாள் முபீனா.

அவள் வம்புக்குக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். ஆனால் ஜெசிந்தாவுக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. தம்பி எங்கோ உட்கார்ந்து கோபப்படுகிறான், இருமுகிறான். ஊர்பேர் தெரியாதவர்களெல்லாம் அதைக் கேட்கிறார்கள். கூடப் பிறந்தவளுக்கு மட்டும் வாரா வாரம் தேன் வடிகிறது. அவளுக்குப் பொறாமையாக இருந்தது. அந்த இருமலைக் கேட்க வேண்டும் போலிருந்தது.

அடுத்த சனிக்கிழமை முபீனா வந்ததும் கையோடு பிடித்துக்கொண்டாள். "அது எப்படிட்டி ரேடியோவுல மட்டும் பதில்குரல் இல்லாம விட்டாங்க?"

"கப்பல் முங்கும்போது பதில்குரல் வந்து 'எல்லாம் நலம்'னு சொல்லிச்சுன்னா என்னத்துக்கு ஆவுறது? ஒரு தடவ அப்படி ஆயி, பதினேழு பேரு போயிட்டாங்க. அதுக்கப்புறந்தான் கடலுக்கும் ரேடியோவுக்கும் நேர்குரல் விலக்கு குடுத்தாங்க. ஆபத்துக்குப் பழகி வைக்கணும்னு எங்கள மாதிரி பொழுதுபோக்குக்காரங்களுக்கும் உண்டு. இங்க பாருங்க, இந்தப் பட்டன் நாடி பாக்கும். உயிருள்ள வெரலு வச்சு அமுக்குனாத்தான் அலை போவும்."

"நானும் பேசலாமா?"

"பரீட்ச எழுதி லைசென்ஸ் வாங்கணும். ஒங்களால முடியும்க்கா. மக்ரூனுக்கு வெள்ளக்கருவ அந்தப் பாடு படுத்துறீங்க, இது என்ன பெரிய விஷயம்!"

ஜெசிந்தா நாற்பத்தாறு வயதில் பரீட்சை எழுதினாள். இரண்டாவது தடவையில் தேறினாள். வி.யு.9 ஜே.எஸ்.டி என்று அழைப்புக்குறி வந்தது. அதை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கடையின் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினாள். பிறகு முபீனா ஒரு வாக்கிடாக்கி செட்டையும், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதான ஒரு ஹாட்ஸ்பாட் பெட்டியையும் கொண்டுவந்து கொடுத்தாள். செட்டு பேசினால் பெட்டி கேட்கும். பெட்டி அதை வலையில் ஏற்றி, நாம் தேர்ந்தெடுத்த பேச்சுக்குழுவில் இருக்கிற எல்லாருடைய செட்டுக்கும் அனுப்பிவிடும்.

அந்த டிஜிட்டல் ரேடியோ அவள் தாத்தா காலத்துச் சரக்கு. அதற்குள் ஆயிரம் தகராறு. வண்ண எண் என்று ஒன்று உண்டு, அதில் ஒரு வண்ணமும் கிடையாது. செட்டிலும் பெட்டியிலும் அது ஒரே எண்ணாக இருந்தால்தான் ஒன்றையொன்று சட்டை செய்யும். எந்தக் குழுவோடு பேசுவது, யாரைக் கேட்பது என்பதையெல்லாம் முன்கூட்டியே பட்டியல் போட்டுச் செட்டுக்குள் ஏற்ற வேண்டும். அந்தப் பட்டியலுக்குக் குறிநிரல் என்று பெயர், பழகியவர்கள் கோட்பிளக் என்பார்கள். எல்லாம் சரியாக அமைந்த பிறகும், குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரிதான் குரல் வரும். குரலைப் பிழிந்து சாறாக்கி அனுப்புகிற பழைய முறை அது. ஆனால் வார்த்தையில் மட்டும் கைவைக்காது.

"கோட்பிளக்க நீங்களே எழுதுங்க. அப்பத்தான் வெளங்கும்" என்றாள் முபீனா. "நான் பத்து நாளு சென்னைக்குப் பயிற்சிக்குப் போறேன். தென்கடல் குழுவ நான் போட்டுத் தாரேன். கிளிய மட்டும் நீங்க சேத்துக்கிடுங்க, நம்பர் இந்தா இருக்கு."

"கிளியா?"

"பேசிப் பழகுறதுக்குக்கா. நீங்க கிளி நம்பர்ல பேசுனா, ஒங்க பேச்ச ஒங்களுக்கே திருப்பிச் சொல்லும். வேற யாருக்கும் கேக்காது. பட்டன அமுக்குங்க, ஒரு மூச்சு பொறுங்க, அப்புறம் பேசுங்க. பொறுக்காம பேசுனா மொத எழுத்து முழுங்கிரும். நாலு நாளு கிளியோட பேசுங்க. அப்புறம் தம்பியோட பேசலாம்."

முபீனா சென்னைக்குப் போனாள். ஜெசிந்தா அன்று சாயங்காலமே மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கோட்பிளக் எழுத உட்கார்ந்தாள். புதிதாக ஒன்றை எழுதுவதற்குப் பதில், இருக்கிற ஒன்றைப் படியெடுத்துத் திருத்திக்கொள்வதுதான் லேசு என்று அவளுக்குப் பட்டது. கடையில் புதுப் பலகாரத்துக்கு விலைச்சீட்டு எழுதும்போது அப்படித்தான் செய்வாள். தென்கடல் என்ற பதிவைப் படியெடுத்தாள். பெயரை அழித்துவிட்டுக் கிளி என்று எழுதினாள். சேமித்தாள். திரையில் 'கிளி' என்று அழகாக வந்தது. சந்தோஷமாக எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு, கடையின் பின்கட்டில், வெள்ளைக்கருவும் சர்க்கரையும் அடிக்கிற மெஷினை ஓட விட்டாள். மக்ரூனுக்கு அதுதான் உயிர். இருபது நிமிடம் அடிக்க வேண்டும், அதுவரை நகரவும் கூடாது. அந்த நேரத்தில் செட்டை எடுத்து, பட்டனை அமுக்கி, ஒரு மூச்சு பொறுத்தாள்.

"வி.யு.9 ஜே.எஸ்.டி. கிளி, கேக்குதா? ஒண்ணு, ரெண்டு, மூணு."

பட்டனை விட்டாள். செட்டின் தலையில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது. கிளி வாயைத் திறக்கவில்லை. பத்துத் தடவை எண்ணிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் பச்சை விளக்கு மட்டும் மினுக்கியது. சார்ஜ் ஏறுகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

முபீனாவுக்குப் போன் செய்தாள். முபீனாவின் பதில்குரல் எடுத்தது. "நீங்கள் மிக அருமையாகச் செய்கிறீர்கள் அக்கா. எல்லாம் தானாகவே சரியாகிவிடும்" என்றது. ஜெசிந்தா தலையில் அடித்துக்கொண்டாள். அன்று மத்தியானம் போனில் ஓர் அறிவிப்பு வந்தது: "மூன்று நண்பர்கள் உங்கள் குரலை மிகவும் ரசித்ததாகத் தெரிவித்திருக்கிறார்கள்." ஏதோ விளம்பரம் என்று தள்ளிவிட்டாள்.

இரண்டாம் நாள் கிளியை நாலு திட்டுத் திட்டினாள். மூன்றாம் நாள் அவளுக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. இந்தச் செட்டு வேலை செய்யவில்லை, பேசுவது எங்கேயும் போகவில்லை. அப்படியானால் என்ன வேண்டுமானாலும் பேசலாம். இருபத்தெட்டு வருடத்தில் முதல்முறையாக, தன் வார்த்தையை யாரும் திருத்தாத ஓர் இடம் கிடைத்த மாதிரி இருந்தது. அன்றைக்கு மக்ரூன் போடுவது எப்படி என்று கிளிக்குச் சொல்லிக்கொடுத்தாள். "இருவது நிமிஷந்தான் அடிக்கணும், கேட்டியா? அதத் தாண்டுனா வெள்ளக்கரு தண்ணி விட்டுரும். பொறவு தலகீழா நின்னாலும் மக்ரூன் வராது." பச்சை விளக்கு நாலைந்து தடவை எரிந்து அணைந்தது.

நான்காம் நாள் அம்மாவைப் பற்றிப் பேசினாள். ஐந்தாம் நாள், மெஷின் ஓட ஆரம்பித்த உடனே செட்டை எடுத்தாள்.

"தம்பி தஸ்ஸு வந்தா அவன்ட்ட என்ன சொல்லணும்னு இப்பப் பழகிக்கிடுதேன், கிளி. தஸ்ஸு, அன்னைக்கு இருட்டுற வரைக்கும் பொறுக்கலாம்னு ஃபாதர் சொன்னாருல. நாந்தான் வேண்டாம்னேன். அம்மா படுக்கையில கெடந்த எட்டு மாசமும் பீ மோத்திரம் அள்ளுனது நானு. அது கடைசி வரைக்கும் 'தஸ்ஸு வந்துட்டானா'ன்னுதான் கேட்டுச்சு. ஒரு நாளுகூட, ஜெசிந்தா சாப்பிட்டியான்னு கேக்கல. அந்த ஆத்திரத்துல ஒனக்கு அந்த மொகத்தக் குடுக்கக் கூடாதுன்னு மூடச் சொல்லிட்டேன். தெரிஞ்சேதான் செஞ்சேன். அதாம்ல."

பட்டனை விட்டாள். பச்சை விளக்கு எரிந்தது. இந்த முறை அணையவில்லை. வெகுநேரம் எரிந்துகொண்டே இருந்தது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெஷினை நிறுத்தப் போனாள். திரும்பி வந்தபோதும் எரிந்துகொண்டிருந்தது. பாட்டரி நிறைந்துவிட்டது போல என்று நினைத்தாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு மனசு லேசாகி, கண்டதையும் பேசினாள். முட்டை விலை, முழங்கால் வலி, தஸ்ஸின் இருமலுக்கு ஆடாதோடை நல்லது என்பது, எல்லாம் கிளிக்குப் போயிற்று.

பத்தாம் நாள் காலை முபீனா ரயிலிலிருந்து இறங்கி நேரே கடைக்கு வந்தாள். மெஷின் அப்போதுதான் ஓடத் தொடங்கியிருந்தது.

"ஒங்கிளி ஊமக்கிளிட்டி. ஒம்பது நாளா ஒரு வார்த்த பேசல" என்றாள் ஜெசிந்தா.

முபீனா செட்டை வாங்கி அதன் பட்டியலுக்குள் புகுந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது.

"எக்கா, பேரு கிளின்னு போட்டிருக்கு. நம்பரு கிளி நம்பர் இல்லையே. தென்கடல் நம்பரால்லா இருக்கு."

"அப்படின்னா?"

"பேரு நமக்காக நாம ஒட்டுத லேபிள்தான்க்கா. நம்பர் எங்கயோ பேச்சு அங்க போவும். உப்பு டப்பாவுல சீனின்னு சீட்டு ஒட்டிட்டிய." முபீனா இன்னொரு பக்கத்தைத் திறந்தாள். "கேக்குற பட்டியல் காலியா இருக்கு, படியெடுத்தா அது கூட வராது. அதான் ஒங்களுக்கு யாரு பேசுனதும் கேக்கல. அவங்க பேசும்போது பச்ச லைட்டு மட்டும் எரிஞ்சிருக்கும்."

ஜெசிந்தா முட்டைக்கூடையின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள். "நான் பேசுனது?"

"எல்லாருக்கும் கேட்டிருக்கும்க்கா."

"எல்லாரும்னா?"

"தென்கடல் முழுக்க. தூணுக்காரங்க, கப்பக்காரங்க, மணப்பாட்டுக்காரங்க…" என்று இழுத்தாள் முபீனா.

ஜெசிந்தா ஒன்பது நாளும் பேசியதை எண்ணிப் பார்த்தாள். பீ மோத்திரம் வரைக்கும் சொல்லியிருக்கிறாள். பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அவள் ஒன்றும் சொல்வதற்குள் முபீனா கேட்கும் பட்டியலை நிரப்பிச் செட்டில் ஏற்றிவிட்டாள். செட்டு ஒரு தடவை முனகியது. அவ்வளவுதான், அதற்கு மேல் சத்தமே இல்லை.

"இந்நேரத்துக்குத் தென்கடல்ல காது கொள்ளாதே, ஏன் ஒருத்தரையும் காணோம்?" என்றாள் முபீனா. தன் அழைப்புக்குறியைச் சொல்லிக் கேட்டாள்.

குடத்துக்குள்ளிருந்து ஒரு பெரியவர் குரல் வந்தது. "ஆறே முக்காலுல இருந்து ஏழு அஞ்சு வரைக்கும் இங்க யாரும் பேசுறதில்லம்மா. மக்ரூன் அம்மா வருவாங்க. அவங்களுக்கு நாம பேசுறது கேக்காது, அதனால குறுக்க போக வேண்டாம்னு வச்சிருக்கோம். போன்ல மூணு தடவ சொல்லி விட்டோம், அது போய்ச் சேரலன்னு நெனைக்கேன்."

"அவங்களுக்கு இப்பக் கேக்குது. பக்கத்துலதான் இருக்காங்க" என்றாள் முபீனா.

பிறகு பச்சை விளக்கு எரிந்தது.

"…க்கா."

முதல் எழுத்து விழுங்கியிருந்தது. ஒரு மூச்சு பொறுக்கத் தெரியாத அவசரக்காரன். குடத்துக் குரலானால் என்ன, ஜெசிந்தாவுக்கு அது யார் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாரா வாரம் போனில் வருகிற அந்த வழவழப்பான குரலுக்கு இந்த அவசரம் கிடையாது.

"இப்பவாவது கேக்குதா?" என்று இருமினான் தஸ்நேவிஸ்.

அவள் பட்டனை அமுக்கினாள். பொறுத்தாள். "கேக்குதுல."

"மொத நாள்லருந்து கூப்புடுதேன். நீ பாட்டுக்கு ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணிக்கிட்டுக் கெடக்க. அஞ்சாம் நாளு நீ அதச் சொன்ன பொறவு நான் கத்துன கத்துல தொண்ட கிழிஞ்சு போச்சு. ஒனக்கு ஒரு எழுத்து கேக்கலியா?"

அன்றைக்கு அணையாமல் எரிந்த பச்சை விளக்கு அவளுக்கு ஞாபகம் வந்தது. தம்பியின் கோபம் மொத்தமும் கண்முன்னால் எரிந்திருக்கிறது, அவள் பாட்டரி என்று நினைத்து முகம் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"கேக்கல. இப்பச் சொல்லு. அன்னைக்குக் கத்துனத அப்படியே கத்து."

"எனக்கும் அம்மாதானக்கா அது!" என்று வெடித்தான் அவன். "ஒனக்குக் கோவம்னா என்னைய ரெண்டு அடி அடிச்சிருக்கலாம்லா. மொகத்த மூடுவியா? ஒருத்தன் காலத்துக்கும் பாக்க முடியாத ஒண்ண மூடி வச்சு வெளாடுவியா? எப்படிக்கா மனசு வந்துச்சு ஒனக்கு?"

ஒவ்வொரு வார்த்தையும் வலித்தது. ஆறு வருடமாக ஒருத்தரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வலிக்க வலிக்க அவளுக்கு நெஞ்சிலிருந்து எதையோ இறக்கி வைக்கிற மாதிரி இருந்தது. "கேளுல. நல்லாக் கேளு. நான் செஞ்சது தப்புதான்" என்று அழுதுகொண்டே சொன்னாள்.

பச்சை விளக்கு மறுபடி எரிந்தது. அவன் பட்டனை அமுக்கியபடியே உட்கார்ந்திருந்தான். காற்றுச் சத்தமும் ஓர் இருமலும் கேட்டன.

"நானும் ஒண்ணு சொல்லணும்" என்றான் கடைசியில். "அன்னைக்குப் படகு லேட்டு இல்லக்கா. மூணு மணிக்கே கரைக்கு வந்துட்டேன். அம்மாவ அப்படிப் பாக்கத் தைரியம் வரல. துறைமுகத்து வாசல்ல ஒரு பெஞ்சு கெடக்கும்லா, அதுல ஒக்காந்திருந்தேன். லேட்டாவும்னு தகவலும் அங்க இருந்துதான் சொல்லிவிட்டேன். நீ இருட்டுற வரைக்கும் வச்சிருந்தாலும் வந்திருப்பனோ என்னவோ. பழிய ஒம்மேல போட்டுட்டுப் போயிட்டேன். நீ ஒம்பது நாளா பேசுனதக் கேட்டுக்கிட்டு என்னால சும்மா இருக்க முடியல."

ஜெசிந்தாவுக்கு அழுகை நின்றுவிட்டது. பட்டனை அமுக்கினாள், மூச்சாவது பொறுப்பதாவது. அவள் தம்பியைக் கூப்பிட்ட முதல் வார்த்தையின் முதல் எழுத்தைச் செட்டு விழுங்கிவிட்டது, தென்கடலின் மானம் அந்த மட்டுக்குத் தப்பித்தது. மிச்சமெல்லாம் தெளிவாகவே போய்ச் சேர்ந்தது. ஆறு வருஷமாகச் சோறு இறங்காமல் கிடந்ததை, பாவசங்கீர்த்தனத்தில் பாவமன்னிப்புக் கேட்டு மூன்று ஃபாதர்மாரிடம் முட்டி போட்டதை, பெஞ்சில் உட்கார்ந்து காற்று வாங்கினவனை, அவனைப் பெற்ற வயிற்றை, எதையும் அவள் விட்டுவைக்கவில்லை. லைசென்ஸ் போய்விடும் என்று முபீனா ஜாடை காட்டினாள். ஜெசிந்தா அவளை ஏறிட்டும் பார்க்கவில்லை. இவ்வளவு ஆசையோடு அவள் யாரையும் திட்டி எத்தனையோ வருடம் ஆகிறது.

மூச்சு வாங்க நிறுத்தியபோது, குடத்துக்குள் அவன் சிரிப்பது கேட்டது. சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பானது.

"கரைக்கு வாயேம்ல" என்றாள். "ஞாயித்துக்கிழமை வா."

"எட்டு மணிக்குக் கரை சேருற படகு இருக்கு. காத்து மாறுனா லேட்டாவும்க்கா."

"ஆவட்டும். நீ எப்ப வந்தாலும் இருப்பேன்."

தென்கடலில் எத்தனை பேர் செட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களோ. பிறகு, ரொம்பத் தயங்கி, ஒரு புதுக் குரல் வந்தது.

"எக்கா, குறுக்க வாரதுக்கு மன்னிக்கணும். மணப்பாட்டுல இருந்து பேசுதேன். மெஷின் இன்னும் ஓடுது. இருவது நிமிஷம் எப்பவோ தாண்டிருச்சு."

வெள்ளைக்கரு மொத்தமும் தண்ணீர் விட்டிருந்தது. அன்றைக்குக் கடையில் மக்ரூன் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜெசிந்தா ஏழரைக்கே துறைமுகத்துக்குப் போய்விட்டாள். வாசலில் அந்தப் பெஞ்சு கிடந்தது. அதில் உட்கார்ந்தாள். எட்டு மணி ஆயிற்று, எட்டரை ஆயிற்று. படகைக் காணோம். ஒருத்தர் வந்து, காற்று எதிர்க்காற்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் மணி பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது மணிக்குப் பைக்குள் போன் அடித்தது, தானாக எடுத்துக்கொண்டது, பேச ஆரம்பித்தது.

ஒன்பது ஐந்துக்குப் படகு வந்தது. முதலில் இருமல் கேட்டது. காது ஓரமெல்லாம் நரைத்து, முகம் உப்புக்காற்றில் கறுத்து, கையில் ஒரு பையோடு தஸ்நேவிஸ் அவள் முன்னால் வந்து நின்றான். அவள் அவன் சட்டைக் காலரைச் சரி செய்தாள்.

"வேலை கொஞ்சம் அதிகம் அக்கா. அடுத்த மாதம் கண்டிப்பாக வருகிறேன்" என்றது ஒரு குரல்.

"மெதுவாக வா தஸ். அவசரமே இல்லை" என்றது இன்னொரு குரல்.

அவன் திடுக்கிட்டு அவளுடைய பையைப் பார்த்தான். "யாருக்கா அது?"

"நம்ம ரெண்டு பேருந்தாம்ல" என்றாள் ஜெசிந்தா. "பேசிக்கிட்டு இருக்கட்டும். நீ வா, அம்மாவப் பாத்துட்டு வருவோம்."

இருவரும் கல்லறைத் தோட்டத்துப் பக்கம் நடந்தார்கள். பைக்குள் அவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.